ஏரி சொன்ன முகவரி

பெருங்கழனி ஏரியில் மீன்கள் செத்து மிதந்தது, ஐப்பசியின் முதல் பெருமழை ஓய்ந்த மறுநாள் காலையில். கரையில் நடக்க வந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். கெண்டையும் ஜிலேபியும் வெள்ளை வயிற்றைக் காட்டியபடி, ஏரி நிரம்பினால் வழியும் கலங்கல் ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. எட்டரை மணிக்கு நாற்றம் தெரு வரைக்கும் வந்துவிட்டது. ஒன்பது மணிக்குத் தொலைக்காட்சிக்காரர்கள் வந்துவிட்டார்கள். அதற்கும் முன்பாகவே, ஏரி குற்றவாளியின் முகவரியைச் சொல்லிவிட்டிருந்தது.

ஏரியைப் பேச வைத்தவள் சிந்துஜா. நீர்ப்பிடிப்பு ஆணையத்தின் தலைமைப் பொறியாளர். வயது முப்பத்தெட்டு. சென்னைக்குத் தெற்கே தாம்பரம் தாண்டி நகரம் வீங்கிக்கொண்டே போனதில், இருபது வருடத்தில் ஏழு ஏரிகள் சாக்கடையாகிவிட்டன. எட்டாவதைக் காப்பாற்றத்தான் அவள் ஆறு வருடம் உழைத்து அந்த ஏற்பாட்டைச் செய்தாள். அதற்குச் சுவடு என்று பெயர்.

"ஜனங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க மேடம். எங்கேர்ந்து வந்த தண்ணின்னு ஏரிக்கு எப்படித் தெரியும்?" என்று நிருபர் மைக்கை நீட்டினார்.

"மகரந்தத்தைவிடச் சின்ன மணிங்க. மண்ணுக்கும் மீனுக்கும் ஒரு கெடுதலும் இல்ல. ஒவ்வொரு மணிக்குள்ளயும் ஒரு சர்வே எண் பதிஞ்சிருக்கு. இந்த ஏரிக்குத் தண்ணி வர்ற ஆறாயிரம் மனை மேலயும் ட்ரோன் வெச்சுத் தூவியிருக்கோம். மழை பெஞ்சா, ஓடுற தண்ணி அந்தந்த மனையோட மணிகளை இழுத்துட்டு வரும். அதோ மிதக்குதே மஞ்சளா, அந்தக் கருவி அதைப் படிச்சுடும்."

"அப்ப யாரும் தப்பிக்க முடியாது?"

"தண்ணிக்கு சிபாரிசு கிடையாது, லஞ்சம் கிடையாது," என்றாள் சிந்துஜா. நிருபருக்கு அந்த வாக்கியம் பிடித்துப்போனது. அன்று முழுக்க அதையே ஒளிபரப்பினார்கள்.

அதைச் சொல்லிவிட்டு வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கையிலிருந்த திரையில் முழு அறிக்கையைப் பார்த்தாள். மீன்களைக் கொன்றது சிமெண்ட் கழுவிய தண்ணீர். சுண்ணாம்பு போலக் காரமானது, செவுள்களைப் பொசுக்கிவிடக்கூடியது. அதில் கலந்திருந்த மணிகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைக் காட்டின. சர்வே எண் 114/2, ஏரிக்கரைத் தெரு. உரிமையாளர் தணிகாசலம். தொழில் ஹாலோ பிளாக் தயாரிப்பு.

சிந்துஜா திரையை அணைத்தாள்.

அந்த எண் அவளுக்குத் தெரியும். மூன்று மாதத்துக்கு முன், ஆடி மாதத்தில், மணிகளைத் தூவி முடித்த பிறகு, கடைசிப் பார்வையிடலுக்காக அந்தத் தெரு வழியாகப் போனாள். பிளாக் பட்டறைக்குப் பின்னால் ஓர் ஆள் உயர மண்மேடு இருந்தது. பொக்லைன் ஒன்று அதைத் தோண்டி லாரிகளில் கொட்டிக்கொண்டிருந்தது. லாரிகள் எங்கே போகின்றன என்று டிரைவரிடம் கேட்டாள். மேற்கே, சரிவுக்கு மேல் எழும்பிக்கொண்டிருந்த நானூறு வில்லாக்களின் வளாகத்தைக் கைகாட்டினார். அங்கே பள்ளமான பக்கத்தை மேடாக்க மண் வேண்டியிருந்தது. பட்டறைக்காரருக்கோ பின்புறம் சமமானால் இன்னும் நாலு வரிசை பிளாக் காயவைக்கலாம். ஆகவே சும்மாவே எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டாராம்.

அதன் அர்த்தம் அவளுக்கு அங்கேயே புரிந்தது. மண்ணோடு மணிகளும் போகின்றன. இனி வில்லா வளாகத்தில் விழும் மழை, பட்டறையின் முகவரியைச் சுமந்துகொண்டு ஏரிக்கு வரும். வளாகத்தின் சொந்த மணிகள் ஆறடி மண்ணுக்கு அடியில் புதைந்துவிடும்.

சரிசெய்யும் வழியும் தெரியும். இரண்டு இடத்திலும் புதிதாகத் தூவி, சோதித்து, பதிய வேண்டும். நாற்பது நாளாகும். சுவடின் திறப்பு விழாவுக்கு அமைச்சர் தேதி கொடுத்திருந்தார். ஒன்பது நாள்தான் இருந்தது. சரிபார்ப்புப் படிவத்தில் பதினேழாவது கேள்வி: 'நீர்ப்பிடிப்புப் பரப்பில் மண் இடம் மாறியுள்ளதா?' சிந்துஜா அலுவலகத்தில் உட்கார்ந்து அந்தக் கேள்வியைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு 'இல்லை' என்பதைத் தொட்டாள். விழா முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள். விழா முடிந்தது. வேறு வேலைகள் வந்தன.

புதுச் சட்டப்படி சுவடு சொன்னால் அதுவே சாட்சியம். கள ஆய்வுக்கு ஆள் அனுப்பும் பழக்கத்தை எடுத்துவிட்டார்கள். போகிறவர் கைநீட்டுவார், அறிக்கை மாறும் என்பதுதான் காரணம். அதை எடுக்கச் சொல்லிப் பரிந்துரைத்ததும் சிந்துஜாதான். எனவே யாரும் போய்ப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் அபராதம் விதித்துப் பட்டறைக்குச் சீல் வைத்தார்கள். ஏரிக்கரை அறிவிப்புப் பலகையில் தணிகாசலத்தின் பெயரும் படமும் ஏறின.

சிந்துஜா மேலதிகாரி மனோகரனின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நல்லவர். எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் இல்ல சார்."

"இப்ப நம்மகிட்ட பதினோரு வழக்கு இருக்கு, சிந்துஜா. எல்லாம் பெரிய கைங்க. வரத்துக் கால்வாயை மூடினவன், ஏரிக்குள்ள தூண் எழுப்பினவன். எல்லாமே சுவடை நம்பித்தான் நிக்குது. ஒரு இடத்துல தப்புன்னு நாமளே சொன்னா, பதினொண்ணும் ஒரே நாள்ல போயிடும். ஏரியும் போயிடும்."

"அந்த ஆள் ஒண்ணும் பண்ணல சார்."

"தெரியுது. அபராதத்தைக் குறைச்சுடலாம். ஆறு மாசத்துல சீலை எடுத்துடலாம். நான் பாத்துக்கறேன்." பிறகு சொன்னார்: "உங்களுக்காகச் சொல்லல. ஏரிக்காகச் சொல்றேன்."

அவர் உண்மையாகவே ஏரிக்காகத்தான் சொன்னார். அவளும் ஏரிக்காகத்தான் கேட்டுக்கொண்டதாக நினைத்துக்கொண்டு வெளியே வந்தாள். படி இறங்கும்போது மனதுக்குள் ஒரு நிம்மதி பரவியது. அந்த நிம்மதிதான் பிற்பாடு அவளை அதிகம் கூசவைத்தது.

அடுத்த வாரம் தணிகாசலம் அலுவலகத்துக்கே வந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். விரல் நகங்களின் ஓரத்தில் சிமெண்ட் சாம்பல் நிறமாக ஏறி நிரந்தரமாகிவிட்டிருந்தது. சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் சிந்துஜா நினைத்தாள்.

"மேடம், மொதல்ல நான் ஒத்துக்கல," என்றார். "மிக்ஸர் கழுவுற தண்ணிய நான் வெளிய வுடறதே இல்ல. தொட்டி கட்டி வெச்சிருக்கேன். அதுலதான் ஊத்துவேன். வீட்ல சம்சாரம் சொல்லிச்சு, மெஷினு பொய் சொல்லுமா, உன் தொட்டிதான் ஒழுகியிருக்கும்னு. யோசிச்சுப் பாத்தேன். கட்டி பன்னண்டு வருசம் ஆவுது. அடியில வெடிச்சிருக்கலாம். எனக்குத்தான் தெரியல."

சிந்துஜா கையிலிருந்த பேனாவை மூடினாள்.

"சின்ன வயசுல அந்த ஏரியிலதான் மேடம் நீச்சல் கத்துக்கினேன். அத்தினி மீனு. நான்தான் கொன்னேன்னு நெனச்சா சோறு எறங்கல." அவர் இரண்டு கைகளையும் கூப்பினார். "மன்னிச்சுக்கங்க. என்னால ஆனது எதுனா செய்யச் சொன்னா செய்யறேன்."

"உக்காருங்க," என்றாள். டீ வரவழைத்துக் கொடுத்தாள். அவர் அதை வேகமாகக் குடித்துவிட்டுக் கிளாசைத் தானே கொண்டுபோய் வெளியே வைத்தார். வாசலில் செருப்பு மாட்டும்போது மறுபடி ஒரு முறை கும்பிட்டார்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் அவர் ஏரிக்கு வந்தார். முதல் வாரம் செத்த மீன்களை வலையில் அள்ளிப் புதைத்தார். பிறகு கலங்கலில் சேரும் பிளாஸ்டிக்கைப் பொறுக்கினார். யாரும் சொல்லவில்லை, யாரும் கூட நிற்கவும் இல்லை. நடக்க வருபவர்கள் அவரைச் சுட்டிக் காட்டி ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிக்கொண்டு போனார்கள். மீன் குத்தகைக்காரர்கள் அவர் காதுபடவே திட்டினார்கள். அவர் தலை குனிந்து வேலையைப் பார்த்தார். சிந்துஜா ஏரிக்குப் போகும் நேரத்தை மாலைக்கு மாற்றிக்கொண்டாள்.

ஆறு மாதத்தில் சீலை எடுக்க முடியவில்லை. மனோகரன் கோப்பை அனுப்பினார், அது எங்கோ நின்றுவிட்டது. தணிகாசலம் அடுத்தவர் பட்டறையில் கூலிக்குப் போகத் தொடங்கினார் என்று கேள்விப்பட்டாள். இதற்கிடையில் பதினோரு வழக்கில் இரண்டில் தீர்ப்பு வந்தது. மூடிய வரத்துக் கால்வாய் ஒன்றைத் திறந்தார்கள். கோடையிலும் ஏரியில் முழங்காலளவு தண்ணீர் நின்றது. செய்தித்தாளில் சிந்துஜாவின் படம் வந்தது. அவள் அதைப் படிக்காமல் மடித்து வைத்தாள்.

அடுத்த ஐப்பசியில் மறுபடி பெருமழை. மறுபடி மீன்கள் மிதந்தன. ஏரி மறுபடியும் அதே முகவரியைச் சொன்னது. 114/2.

பட்டறை பூட்டி முழுசாக ஒரு வருடம் ஆகியிருந்தது. உள்ளே ஒரு மூட்டை சிமெண்ட் கூட இல்லை. ஆனாலும் ஆணையத்தில் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. இரண்டாவது முறை என்பதால் சட்டத்தின் அடுத்த பிரிவு தானாகவே வந்து நின்றது. தணிகாசலத்துக்குச் சிறை, பத்து நாளில் சரணடைய வேண்டும். ஏரிக்கரைத் தெருவின் முப்பத்திரண்டு வீடுகளும் நீர்ப்பிடிப்புக்கு ஆபத்தானவை என்று காலி செய்ய நோட்டீஸ்.

நோட்டீஸ் ஒட்டிய அன்று மத்தியானம் தணிகாசலம் அவள் மேசைக்கு முன் வந்து நின்றார். உடம்பு பாதியாகியிருந்தது.

"மேடம், நான் எதுவுமே செய்யல. பட்டறை பூட்டிக் கெடக்கு. ஆனா மெஷினு சொல்லுது. அப்ப யாரோ என் எடத்துல வந்து கொட்டறாங்க. நான் காவலுக்குப் படுத்துக்கறேன். தெரு ஜனங்கள வுட்டுடச் சொல்லுங்க. என்ன வேணா பண்ணுங்க, அவங்க இன்னா செஞ்சாங்க?" நோட்டீசை மேசை மேல் வைத்தார். "இன்னும் எங்க அடைக்கணும்னு மட்டும் சொல்லிக் குடுங்க. அடைச்சுடறேன்."

சிந்துஜா எழுந்து நின்றாள். உட்கார்ந்துகொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"நீங்க அடைக்க எதுவும் இல்ல. உங்க எடத்துலேர்ந்து ஒரு சொட்டும் வரல. போன வருசமும் வரல."

அவர் புரியாமல் பார்த்தார். அவள் மண்மேட்டைப் பற்றிச் சொன்னாள். லாரிகளைப் பற்றி, மணிகளைப் பற்றி, பதினேழாவது கேள்வியைப் பற்றிச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. அவர் எதையோ கணக்குப் போடுகிறவர் மாதிரி நெற்றியைச் சுருக்கினார்.

"உங்களுக்கு எப்ப தெரியும்?"

"மொத நாளே."

"அப்ப, நான் இங்க வந்து கும்பிட்டேனே. அன்னிக்கும் தெரியுமா?"

"தெரியும்."

"டீ குடுத்தீங்க," என்றார் தணிகாசலம்.

அவ்வளவுதான் சொன்னார். வாழ்க்கையில் சிந்துஜாவை யாரும் அதைவிடக் கடுமையாகத் திட்டியதில்லை.

பிறகு அவரே கேட்டார்: "அப்ப தண்ணி வில்லாலேர்ந்துதான் வருதா?"

"அப்படித்தான் இருக்கணும். ஆனா நிரூபிக்க எங்கிட்ட ஒண்ணும் இல்ல. சுவடு உங்க பேரைத்தான் சொல்லும்."

"எதுக்கு நிரூபிக்க? வாங்க, போய்ப் பாப்போம்."

இருவரும் தெருவின் பின்புறம் ஓடும் மழைநீர் வடிகால் ஓரமாக நடந்தார்கள். அவர் முன்னால், அவள் பின்னால். தூறிக்கொண்டிருந்தது. தணிகாசலம் ஓரிடத்தில் குனிந்து வடிகால் சுவரை நகத்தால் சுரண்டிக் காட்டினார். வெள்ளைப் படிவம், பொறுக்குத் தட்டியிருந்தது.

"சிமெண்ட் பால் மேடம். முப்பது வருசமா கையில படறது, எனக்குத் தெரியாதா? பாருங்க, என் பட்டறைக்கு நேரா இது ஒண்ணுமே இல்ல. மேல போவப் போவத் தடிப்பாவுது."

முன்னூறு அடி. அதற்கு மேல் நடக்க வேண்டியிருக்கவில்லை. வில்லா வளாகத்தின் மதிலுக்கு அடியில், புதர் மறைவில், ஒரு குழாய் வாய் வடிகாலுக்குள் நீட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுற்றி வெள்ளை கெட்டிப்பட்டு நின்றது. மதிலுக்கு அந்தப் பக்கம் கலவை லாரிகளைக் கழுவும் சத்தம் கேட்டது. சிந்துஜா பையிலிருந்த சிவப்பு லிட்மஸ் தாளைக் குழாயிலிருந்து வழிந்த தண்ணீரில் நனைத்தாள். கருநீலமானது. பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் செய்யும் சோதனை.

"இத அன்னிக்கே நடந்து வந்து பாத்திருக்கலாம் இல்ல," என்றார் தணிகாசலம். குறையாகச் சொன்னாரா, ஆச்சரியமாகச் சொன்னாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. "எனக்கே தோணல. நானும் மெஷினு சொல்லுதேன்னு வுட்டுட்டேன்."

நீதிமன்ற விசாரணையில் சிந்துஜா எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்தாள். பதினேழாவது கேள்வியை வாய்விட்டுப் படித்து, பதிலையும் படித்தாள். கட்டுமானக் கம்பெனிகளின் வக்கீல்கள் ஒருவர் பின் ஒருவராக எழுந்து அவளுடைய நேர்மையைப் பாராட்டினார்கள். பாராட்டிவிட்டுச் சுவடை நம்பிய எல்லா வழக்குகளையும் தள்ளுபடி செய்யக் கேட்டார்கள். மனோகரன் சொன்னது நடந்தது. மிச்சமிருந்த ஒன்பதில் ஏழு அன்றே நின்றுபோயின. ஏரிக்குள் எழுந்த தூண்களுக்கு மேல் தளம் போடத் தடை நீங்கியது. மனோகரன் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். வெளியே வந்தபோது அவளிடம், "ரெண்டு வழக்குல போட்டோ இருக்கு, அளந்த வரைபடம் இருக்கு. அது நிக்கும்," என்று மட்டும் சொன்னார். குழாயின் படங்களும் வடிகால் படிவமும் போதுமானதாக இருந்ததால் வில்லா வளாகத்தின் வேலையை நிறுத்த உத்தரவு வந்தது. தெருவுக்கு ஒட்டிய நோட்டீசைத் திரும்பப் பெற்றார்கள். சிந்துஜாவைப் பணியிலிருந்து நீக்கினார்கள். தணிகாசலத்தை விடுவித்த உத்தரவு ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் இருந்தது.

அந்த நாற்பது பக்கத்தை எடுத்துக்கொண்டு அவர் அவள் வீட்டுக்கு வந்தார்.

"தெருவுல இத யாரும் படிக்கல மேடம். எவனோ காசு குடுத்து நான் வெளிய வந்துட்டேன்னு பேசிக்கறாங்க. நீங்க ஒரு வாட்டி வந்து சொல்லிடுங்க. போதும்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவள் போனாள். தணிகாசலம் தெரு முனையில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டு வைத்திருந்தார். அவள் உட்காரவில்லை. முப்பது நாற்பது பேர் வந்து நின்றார்கள். குழாயடியிலிருந்து ஈரக் கையோடு சிலர், ஹெல்மெட்டைக் கழற்றாமல் ஒருவர். அவள் எந்தப் பொறியியல் வார்த்தையும் இல்லாமல் சொன்னாள். மண் போச்சு, மண்ணோட இவர் பேரும் போச்சு, எனக்குத் தெரிஞ்சிருந்தும் தெரியாதுன்னு எழுதினேன், ஒரு வருசம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். தப்பு என்னோடது.

யாரும் கத்தவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும், நைட்டிக்கு மேல் துண்டு போட்டிருந்தாள். தணிகாசலத்தின் மனைவி விமலா.

"அன்னிக்கு டிவியில சொன்னதும் நீதானே?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"இன்னிக்கு வந்து இல்லன்றதும் நீதான். இத மட்டும் எத வெச்சு நாங்க நம்பறது?"

"என்னை நம்ப வேணாம். வடிகால் ஓரமா மேல நடந்து போய்ப் பாருங்க. கொஞ்ச தூரம்தான்," என்றாள் சிந்துஜா.

விமலா போனாள். கூடப் பத்துப் பதினைந்து பேர் போனார்கள். தணிகாசலம் போகவில்லை. அவர்கள் கண்ணுக்கு மறைந்து, பிறகு திரும்பி வரும் வரை, அவரும் சிந்துஜாவும் வெயிலில் நின்றார்கள்.

திரும்பி வந்தபோது விமலாவின் விரல்நுனி வெள்ளையாக இருந்தது. அவள் கணவனிடம் போகவில்லை. சிந்துஜாவின் முன்னால் வந்து நின்றாள்.

"தொட்டி ஒழுகலன்னு இவரு சொன்னாரு," என்றாள். "மூணு நாளு சொன்னாரு. நான்தான் உக்கார வெச்சு ஒத்துக்க வெச்சேன். நேர்ல போய் மன்னிப்புக் கேளுன்னு உன் ஆபீசுக்கு அனுப்பினதும் நான்தான்." அவள் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டாள். வெள்ளை போகவில்லை. "நீ எழுதின. நான் இவர நம்பல."

அவள் வீட்டுக்குள் போய்விட்டாள். அதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராக நகர்ந்தார்கள். ஹெல்மெட்காரர் வண்டியைத் தள்ளிக்கொண்டே கொஞ்ச தூரம் போய்த்தான் ஸ்டார்ட் செய்தார். ஒரு வருடமாகத் தணிகாசலத்தைக் கண்டதும் முறைத்த, முணுமுணுத்த, திட்டிய தெரு அது. இப்போது அவர் பக்கம் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு கலைந்தது. கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன.

"ஏய், இன்னாத்துக்குப் போறீங்க? நில்லுங்க," என்றார் தணிகாசலம். "நான் ஒண்ணும் கேக்கலையே."

யாரும் திரும்பவில்லை. தெருவில் அவரும் சிந்துஜாவும் மட்டும் இருந்தார்கள். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்து நிழலில் போட்டு, அதன் மேலிருந்த தூசியைக் கையால் தட்டினார்.

"உக்காருங்க மேடம்," என்றார். "ரொம்ப நேரமா நிக்கறீங்க."

சிந்துஜா உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.